பயணிகள் கப்பலில் க்ரூவுக்கான நோய்ப்பரவல் திட்டம்: எத்தனை கேபின் ஒதுக்குவது, மெஸ்ஸை எப்படி நடத்துவது?

தென்கரை எழுதியது:

வணக்கம். ஒரு பயணிகள் கப்பலின் ஹோட்டல் பிரிவுக்காக, பெருந்தொற்றுக் காலத்தில் க்ரூ பக்கம் என்ன செய்ய வேண்டும் என்ற திட்டத்தைப் புதுப்பித்து எழுதுகிறேன். கையில் இருப்பது 2021-இல் எழுதிய கோப்பு. அதில் பாதி, அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் அன்றைய உத்தரவை அப்படியே எடுத்து வைத்தது. அந்த உத்தரவே இப்போது நடப்பில் இல்லை.

கப்பல் விவரம்: க்ரூ 900 பேர். அதிகாரிகளும் சில சூப்பர்வைசர்களும் தவிர மற்றவர்கள் இருவர் கேபினில். அதில் ஒரு பகுதி, இரண்டு கேபினுக்கு நடுவில் ஒரே குளியலறை உள்ள வகை. க்ரூ மெஸ் ஒன்று, ஆபீசர் மெஸ் ஒன்று. டாக்டர் இருவர், நர்ஸ் நால்வர். அமெரிக்க, ஐரோப்பியத் துறைமுகங்களுக்குப் போகும்.

நோயுற்றவருக்கான ஐசொலேஷனுக்கும் அவரோடு தொடர்பில் இருந்தவருக்கான குவாரண்டைனுக்கும் எத்தனை கேபின் கேட்கலாம், புதிதாகச் சேருபவரை எத்தனை நாள் ஒதுக்கி வைப்பது, மெஸ்ஸையும் கேலியையும் (கப்பல் சமையலறை) எப்படிப் பிரிப்பது, இந்த மூன்றும்தான் உடனடியாகத் தெரிய வேண்டும். பொதுவான அறிவுரை போதும் போதும் என்ற அளவுக்கு இருக்கிறது. எண்ணோடும் காரணத்தோடும் சொன்னால் மேலிடத்தில் வாதாட முடியும்.


மருத்துவப்பெட்டி பதில்:

முகக்கவசம், கைகழுவல், சோதனை எல்லாவற்றையும் முதல் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேபின் கணக்கைப் பின்னிணைப்பில் தள்ளுவதுதான் வழக்கம். நீங்கள் அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். காலியான ஒற்றைக் கேபின் கையில் இல்லாவிட்டால் மற்ற எந்த விதியும் ஒரு வாரம் தாங்காது.

காரணம் க்ரூ கேபினின் அளவு. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, அதாவது எம்எல்சி 2006, பயணிகள் கப்பலில் அதிகாரி அல்லாதவர்களின் இருவர் அறைக்குக் கேட்கும் குறைந்தபட்சத் தரைப்பரப்பு 7.5 சதுர மீட்டர். கட்டிலின் உள்ளளவு 198-க்கு 80 சென்டிமீட்டர். பெரும்பாலும் ஒன்றின் மேல் ஒன்று. அலமாரியும் மேசையும் போக ஒருவர் சட்டை மாற்றும்போது மற்றவர் கட்டிலில்தான் இருக்க முடியும். அந்த அறைக்குள் ஆறடி இடைவெளி விடச் சொல்லி விதி எழுதிப் பயனில்லை. கேபின் கூட்டாளி எப்போதுமே நெருங்கிய தொடர்பாளர்தான். அதில் விசாரணையே தேவையில்லை.

கணக்கு இப்படி வரும். 10 பேருக்கு நோய் உறுதியாகிறது என்று வையுங்கள். பத்துப் பேரும் சொந்தக் குளியலறை உள்ள இருவர் கேபின்களில் இருந்தால், நோயாளியை ஐசொலேஷன் பகுதிக்கு மாற்றி, கூட்டாளியைப் பழைய கேபினிலேயே குவாரண்டைனில் விடலாம். கூடுதலாக வேண்டியது 10 கேபின். அதே பத்துப் பேரும் பொதுக் குளியலறைக் கேபின்களில் இருந்தால், ஒருவர் நோயுற்றதும் மூவர் தொடர்பாளர்கள். நால்வருக்கும் தனித்தனிக் குளியலறை வேண்டும், இருப்பதோ ஒன்று. எனவே ஒவ்வொரு நோயாளிக்கும் 3 கேபின் கூடுதல், பத்துப் பேருக்கு 30. இதில் வேலையிடத் தொடர்பாளர்கள் இன்னும் சேரவில்லை. தலைக்கு இருவர் என்றாலே மேலும் 20. அதாவது 900 பேரில் 10 பேர், ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல், படுத்தாலே 30 முதல் 50 கேபின் போய்விடும். 45 கேபினை, க்ரூவில் 5 சதவீதத்தை, அடிமட்டமாக வைத்துக் கேளுங்கள். அவை பயணிகள் கேபின்களாகத்தான் இருக்க முடியும். விற்பனைப் பட்டியலிலிருந்து முன்கூட்டியே நீக்கப்பட்டிருக்க வேண்டும். ‘தேவைப்பட்டால் ஒதுக்கப்படும்’ என்று எழுதினால் கப்பல் நிறைந்து போகும் வாரத்தில் ஒன்றும் கிடைக்காது.

இது மிகையான கணக்கு அல்ல. 2020-இல் பயணிகள் பயணம் நின்றிருந்த மாதங்களில் சிடிசி கேட்டதே, எல்லா க்ரூவையும் தனிக் குளியலறையுள்ள ஒற்றைக் கேபினுக்கு மாற்று, உணவைக் கேபினுக்குக் கொண்டு போ, க்ரூ பாரையும் ஜிம்மையும் மூடு என்பதுதான். கப்பலில் பயணிகள் இல்லாததால் அது முடிந்தது. பயணிகளோடு ஓடும் கப்பலில் முடியாது. அதனால்தான் ஒதுக்கீடு.

டைமண்ட் பிரின்சஸ் கப்பலை மேலிடத்துக்கு எடுத்துக்காட்டாக வையுங்கள். 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் 3,711 பேரோடு நிறுத்தப்பட்ட கப்பல். 712 பேருக்குத் தொற்று, அதில் 145 பேர் க்ரூ. பயணிகள் கேபினுக்குள் அடைக்கப்பட்டார்கள். க்ரூ வேலை செய்துகொண்டே இருந்தது, ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டது, இருவர் கேபினில் தூங்கியது. பிப்ரவரி 9 வரை தொற்று உறுதியான 20 க்ரூவில் 15 பேர் உணவுப் பிரிவு. 16 பேரின் கேபின் மூன்றாம் தளத்தில், அந்த உணவுப் பிரிவு தங்கியிருந்த தளத்தில். பயணிகளுக்கு மட்டும் குவாரண்டைன் போட்டு, அவர்களுக்குத் தட்டு கொண்டு போகிறவர்களை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பதிவு வேறில்லை.

புதிதாகச் சேருபவர்கள்: உங்கள் பழைய கோப்பில் 14 நாள் இருக்கும். 2020 அக்டோபர் 30-ஆம் தேதி வந்த சிடிசியின் நிபந்தனைப் பயண உத்தரவில், ஏறும் நாளில் சோதனை, பிறகு 14 நாள் குவாரண்டைன் என்று இருந்தது. அந்த உத்தரவு 2022 ஜனவரி 15-க்குப் பிறகு விருப்ப முறையாகி, அந்த ஆண்டு ஜூலை 18-இல் திட்டமே முடிந்தது. ஆகவே எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். எண் எங்கிருந்து வந்ததோ அதை எடுங்கள்: குவாரண்டைன் காலம் என்பது அந்த நோய் உடலில் அரும்பும் அதிகபட்சக் காலம். திட்டத்தில் நாளை நிரப்பாமல் ‘அரும்பு காலத்தின் மேல் எல்லை, கப்பலின் தலைமை மருத்துவர் நிர்ணயிப்பது’ என்று எழுதி, பக்கத்தில் நோய்வாரியான அட்டவணை வையுங்கள். சின்னம்மையும் தட்டம்மையும் என்றால் 21 நாள் வரை போகும். இன்ஃப்ளூயன்சா என்றால் சில நாள்.

ஏறும் நாளில் நெகட்டிவ் வந்தால் நேராக வேலைக்கு அனுப்பலாமா என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். கூடாது. முந்தின நாள் விமானத்தில் ஒட்டிய தொற்று அன்றைக்குச் சோதனையில் தெரியாது. நார்வேயின் ரோல்ட் அமுண்ட்சென் கப்பல் 2020 ஜூலை கடைசியில் ட்ரோம்சோவுக்கு வந்தபோது 158 க்ரூவில் 36 பேருக்குத் தொற்று. வெளிநாட்டிலிருந்து வந்த க்ரூ குவாரண்டைன் இல்லாமல் வேலையில் சேர்க்கப்பட்டிருந்தது. குவாரண்டைனைக் கப்பலில் தொடங்காமல் கரையில் ஹோட்டலில் முடித்து ஏற்றுவது நல்லது. கப்பல் கேபின் மிச்சமாகும். ஒரே விமானத்தில் வந்தவர்கள் ஒரே வேனில் போய், ஒரே நாளில் குவாரண்டைனைத் தொடங்கினால்தான் கணக்கு சரியாக வரும். மூன்றாம் நாள் புதிதாக ஒருவரை அந்தக் கூட்டத்தோடு சாப்பிட விட்டால் எல்லோருக்கும் நாள் முதலிலிருந்து ஓடும்.

இன்னொன்று. பிசிஆர் சோதனை குணமான பிறகும் வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டக்கூடும். கோவிடில் அதனால்தான் குணமானவரை 90 நாளுக்கு வழக்கமான சோதனையிலிருந்து விலக்கினார்கள். இந்த விலக்கைத் திட்டத்தில் எழுதாவிட்டால், குணமான ஆளையே திரும்பத் திரும்ப உள்ளே போட்டுக் கேபினை வீணடிப்பீர்கள்.


மூன்றாம்தளம் பதில்:

மெஸ்ஸும் கேலியும் பற்றி நான் சொல்கிறேன்.

க்ரூ மெஸ்ஸில் பரிமாறும் கரண்டியை முதல் நாளே எடுத்துவிடுங்கள். ஒரு சாதக் கரண்டியை ஒரு வேளையில் 300 கை தொடும். கவுண்டருக்குப் பின்னால் ஆள் நின்று பரிமாறட்டும். ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிடுவது. முகக்கவசம் இல்லாமல் 20 நிமிடம் எதிரெதிரே. நேரப் பங்கீடு போடுங்கள். பிரிவு வாரியாக, தளம் வாரியாக அல்ல. ஒன்றாக வேலை செய்பவர்களும் ஒன்றாகத் தூங்குபவர்களும் ஒரே குழுவாக இருந்தால்தான் குழுப் பிரிப்புக்குப் பொருள். ஹவுஸ்கீப்பிங் ஆளும் கேலி ஆளும் ஒரே கேபினில் இருந்தால் மெஸ்ஸில் எத்தனை நேரம் பிரித்தாலும் இரவில் குழு கலந்துவிடும். எனவே மெஸ் அட்டவணைக்கு முன்னால் கேபின் பட்டியலை மாற்றுங்கள். இதைச் செய்யத் தனிக் கேபின் தேவையில்லை, ஒரு நாள் இடமாற்றம் போதும். பெரும்பாலான திட்டங்கள் தவறவிடுவது இதைத்தான்.

கேலியை இரண்டு அணியாக்குங்கள். அணி மாறும்போது நடுவில் 30 நிமிடம் இடைவெளி. அந்த நேரத்தில் கைப்பிடி, ஃபிரிட்ஜ் கதவு, தொடுதிரை, டிக்கெட் பிரிண்டர் துடைக்கப்பட வேண்டும். உடை மாற்றும் அறைதான் இதில் ஓட்டை. இரண்டு அணியும் ஒரே லாக்கர் அறையில் பத்து நிமிடம் நின்றால் பிரித்ததற்கே அர்த்தமில்லை. சமையல் உடையைக் கேபினிலேயே போட்டு வரச் சொல்லுங்கள். உணவுத் தூய்மை விதிப்படி அழுக்கானால் மாற்ற ஒரு மாற்றுடை கேலியில் இருக்கட்டும்.

ஐசொலேஷன் கேபினுக்கு உணவு: கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல். தட்டை வைத்து, கதவைத் தட்டி, இரண்டு மீட்டர் நகர்ந்த பிறகே உள்ளே இருப்பவர் திறக்க வேண்டும். எதிரெதிர்க் கேபின்கள் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது. ஆகவே நடைவழியின் ஒரு பக்கம் முழுதும் முடித்துவிட்டு மறுபக்கம். ஒருமுறை பயன்படுத்தும் தட்டு. எச்சில் தட்டு உள்ளேயே பையில் கட்டப்பட்டு, நாளுக்கு ஒருமுறை வேறு ஆள், வேறு நேரத்தில் எடுக்க வேண்டும். உணவு கொண்டு போகிறவரும் குப்பை எடுப்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது.

இதில் ஒரு விஷயத்தைச் சின்னது என்று விட்டுவிடாதீர்கள். காய்ச்சலில் தனியாகக் கிடக்கும் ஒரு இந்திய அல்லது பிலிப்பைன்ஸ் ஊழியருக்கு மூன்று வேளையும் ஆறிப்போன பாஸ்தா போனால், நான்காம் நாள் அவர் கதவைத் திறந்துகொண்டு மெஸ்ஸுக்கு வருவார். கஞ்சி, சூடான சாதம், ரசம், வெந்நீர்க் கெட்டில், அவர் சாப்பிடாத இறைச்சி எது என்ற குறிப்பு, இவையெல்லாம் நோய்க்கட்டுப்பாட்டில் சேர்ந்தவைதான். உணவுப் படிவத்தை ஐசொலேஷனுக்குள் போகும்போதே நிரப்பச் சொல்லுங்கள்.

கிருமிநீக்கம்: 5 சதவீத பிளீச்சிலிருந்து 0.1 சதவீதம், அதாவது 1,000 பிபிஎம் வேண்டுமென்றால் 20 மில்லி பிளீச்சில் 980 மில்லி தண்ணீர். வாந்தி, மலம், இரத்தம் சிந்திய இடத்துக்கு 0.5 சதவீதம்: 100 மில்லியில் 900 மில்லி. முதலில் அழுக்கை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பிறகுதான் கரைசல். அழுக்கின் மேல் ஊற்றினால் குளோரினை அழுக்கே தின்றுவிடும். கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும், பாட்டிலில் நேரம் எழுதி ஒட்ட வேண்டும். தெளிக்கக் கூடாது, துணியால் துடைக்க வேண்டும். கழிப்பறை கழுவும் அமில திரவத்தோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். க்ரூ குளியலறை ஜன்னலே இல்லாத பெட்டி. அதற்குள் இந்தத் தவறு உயிருக்கே ஆபத்து. இரண்டு பாட்டிலும் ஒரே தள்ளுவண்டியில் இருக்கவே கூடாது.

துணி: உதறக் கூடாது. கேபினுக்குள்ளேயே, தண்ணீரில் கரையும் பையில் போட்டுக் கட்டி, பையோடு இயந்திரத்தில். 71 டிகிரியில் 25 நிமிடம்.


ஏசி_ஷாஃப்ட் பதில்:

கேபின் எண்ணிக்கை சரி. எந்தக் கேபின் என்பதையும் எழுதுங்கள்.

பல கப்பல்களில் க்ரூ கேபின் கதவின் கீழ்ப்பகுதியில் ஒரு காற்று ஜாலி, அதாவது காற்று போகும் தட்டி, இருக்கும். கேபினுக்குள் ஊதப்படும் காற்று அந்த ஜாலி வழியாக நடைவழிக்கு வந்து, அங்கிருந்து திரும்பக் காற்றுப்பதனிக்குப் போகும். அப்படிப்பட்ட கேபினில் நோயாளியை வைத்தால் அவர் விடும் மூச்சு நடைவழியில் நடப்பவருக்குத்தான். ஜாலியை டேப் போட்டு அடைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். சேஃப்டி ஆபீசரும் சீஃப் இஞ்சினியரும் சம்மதிக்காமல் கை வைக்காதீர்கள். சில கதவுகளில் அந்தக் கீழ்ப்பலகை, கதவு சிக்கிக்கொண்டால் உதைத்துத் திறந்து தப்பிக்கும் வழி. ஜாலி இல்லாத, ஒரே காற்றுப்பதனியின் கீழ் வரும், நடைவழியின் முட்டுச் சந்தில் உள்ள பயணிகள் கேபின்களைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பதனியில் திரும்பும் காற்றை மூடி முழு வெளிக்காற்றில் ஓட்ட முடியுமா என்று இஞ்சினியரிடம் எழுத்தில் வாங்குங்கள். வெப்ப மண்டலத்தில் முழு வெளிக்காற்றைக் குளிர்விக்கும் திறன் பல பதனிகளுக்கு இருக்காது. உள்ளே ஈரம் ஏறி, நோயாளி கதவைத் திறந்து வைத்துக்கொள்வார்.

காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கக் கருவி தேவையில்லை. கதவை மூடி, கீழ் இடுக்கில் டிஷ்யூ பேப்பர் கீற்றைப் பிடியுங்கள். குளியலறை எக்ஸாஸ்ட் ஓடும்போது கீற்று உள்ளே இழுபட வேண்டும். வெளியே பறந்தால் அந்தக் கேபின் உதவாது. இதை ஒவ்வொரு கேபினிலும், கடலில் ஓடும்போது ஒருமுறை, துறைமுகத்தில் ஒருமுறை பாருங்கள். பால்கனிக் கேபின் என்றால், பால்கனிக் கதவும் உள்கதவும் ஒன்றாகத் திறந்த கணமே காற்று மொத்தமும் நடைவழிக்குப் பாயும். உணவு வாங்கும் முன் பால்கனியைச் சாத்த வேண்டும் என்று கதவின் உட்பக்கம் அவர்கள் மொழியில் ஒட்டுங்கள்.

மெர்வ்-13 என்ற, நுண்துகளைப் பிடிக்கும் காற்று வடிகட்டி போடச் சொல்வார்கள். போடலாம், ஆனால் அடர்த்தியான வடிகட்டி காற்றோட்டத்தைக் குறைக்கும். பழைய மின்விசிறி தாங்காவிட்டால் சப்ளை குறைந்து, கேபின்களுக்கு இடையே இருந்த சமநிலை மாறிவிடும். வடிகட்டி மாற்றிய அன்றே டிஷ்யூ சோதனையை மறுபடி செய்யுங்கள்.

இன்னொன்று, எல்லோரும் மறப்பது: ஒதுக்கி வைத்த 45 கேபின்களின் குழாயும் ஷவரும் மாதக்கணக்கில் ஓடாமல் கிடக்கும். தேங்கிய வெதுவெதுப்பான நீரில் லெஜியோனெல்லா என்ற, நிமோனியா உண்டாக்கும் பாக்டீரியா வளரும். நிமோனியா வந்தவரைக் கொண்டுபோய் அந்த ஷவரின் கீழ் நிறுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வாரம் ஒருமுறையாவது சுடுநீரும் குளிர்நீரும் தனித்தனியே சில நிமிடம் ஓடவிட வேண்டும். துளி பறக்காமல் ஷவர் தலையைப் பையில் மூடிச் செய்ய வேண்டும். பதிவேட்டில் கையெழுத்து வேண்டும்.


தென்கரை எழுதியது:

மிக்க நன்றி. கேபின் பட்டியலை முதலில் மாற்றச் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு கேள்வி. டிப்ஸை நம்பி இருப்பவர்கள் காய்ச்சலை மறைக்கிறார்கள்; பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வெப்பமானி முன் நிற்கிறார்கள். இதற்கு விதியில் என்ன எழுதலாம்? வயிற்றுப்போக்குக்கும் இதே திட்டம் போதுமா, தனியா?


ஒப்பந்தப்படி பதில்:

மறைப்பதற்குத் தண்டனை எழுதினால் மறைப்பது கூடும். சம்பளத்தை எழுதுங்கள்.

எம்எல்சி-யில் இதற்கு அடித்தளம் இருக்கிறது. நோயால் வேலை செய்ய முடியாதவர் கப்பலில் இருக்கும் வரை, அல்லது ஊருக்கு அனுப்பப்படும் வரை, முழு ஊதியம். நாட்டுச் சட்டம் அதற்கு வரம்பு வைத்தாலும் 16 வாரத்துக்குக் குறையக் கூடாது. ஆனால் இங்கே இரண்டு இடைவெளி. ஒன்று, டிப்ஸ் ‘ஊதியத்தில்’ சேருமா என்பது ஒவ்வொருவரின் ஒப்பந்தத்தையும் பொறுத்தது. இரண்டு, குவாரண்டைனில் இருக்கும் தொடர்பாளர் நோயாளி அல்ல; அவருக்கு நோய்க்கால ஊதிய விதி பொருந்தாது என்று வாதிட இடமுண்டு. இரண்டையும் உங்கள் திட்டத்திலேயே அடைத்துவிடுங்கள்: ‘மருத்துவர் உத்தரவின்பேரில் ஐசொலேஷனிலோ குவாரண்டைனிலோ இருக்கும் நாட்களுக்கு அடிப்படை ஊதியமும், அந்தப் பதவிக்கான சராசரி டிப்ஸ் பங்கும் வழங்கப்படும், அந்த நாட்கள் வேலைத் தர மதிப்பீட்டில் சேராது.’ நிதிப் பிரிவு தயங்கும். மேலே மருத்துவப்பெட்டி போட்ட கணக்கைக் காட்டுங்கள். மறைத்து மூன்று நாள் பரிமாறிய ஒருவரால் போகும் கேபின்களின் விலைக்கு முன்னால் அவருடைய டிப்ஸ் ஒன்றுமே இல்லை.

அடுத்தது ஓய்வு நேரம். 60 பேர் உள்ளே போனால் அவர்கள் வேலை மற்றவர் தலையில் விழும். 24 மணி நேரத்தில் 10 மணி, 7 நாளில் 77 மணி ஓய்வு என்ற குறைந்தபட்சம் அப்போதும் நிற்கும். அந்தப் 10 மணியை இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது. அதில் ஒரு துண்டு 6 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. உடனடி ஆபத்தில் கேப்டன் இதை நிறுத்தி வைக்கலாம். ஆள் பற்றாக்குறை உடனடி ஆபத்து ஆகாது. ஆகவே எத்தனை பேர் குறைந்தால் எந்த உணவகம் மூடும், எந்தத் தளத்தில் தினசரி அறைச் சுத்தம் நிற்கும் என்று முன்கூட்டியே வரிசை எழுதுங்கள். அது இல்லாத கப்பலில் ஓய்வு நேரப் பதிவேட்டில் பொய் ஏறும்.

ஒப்பந்தம் முடிந்தவர்கள்: தொடர்ந்து 12 மாதத்துக்குள் ஊருக்கு அனுப்பப்படும் உரிமை அவர்களுக்கு உண்டு. 2020-இல் உலகம் முழுதும் 4 லட்சம் கடலோடிகள் வரை ஒப்பந்தம் தாண்டிக் கப்பலில் சிக்கிக்கிடந்தார்கள் என்பது சர்வதேசக் கடல்சார் அமைப்பின் மதிப்பீடு. எல்லை மூடினால் எந்தத் துறைமுகத்தில் இறக்குவது, யார் விமானம் பிடிப்பது என்று திட்டத்தில் ஒரு பக்கமாவது இருக்கட்டும். 2024 டிசம்பர் 23 முதல் நடப்புக்கு வந்த எம்எல்சி திருத்தங்களில் உடனடி மருத்துவம் தேவைப்படுபவரைத் தாமதமின்றிக் கரையிறக்குவதும், கடலோடிகளுக்கான இணையத் தொடர்பும் சேர்ந்திருக்கின்றன. ஐசொலேஷன் கேபினில் வைஃபையை இலவசமாக்குங்கள். இரண்டு வாரம் நான்கு சுவருக்குள் இருப்பவரின் மனநிலைக்கு வீட்டுக்குப் பேசுவது மருந்து. 2020-இல் அந்தத் தனிமையைத் தாங்க முடியாமல் போன க்ரூவும் உண்டு. அவர்களை மறந்துவிட்டு அடுத்த திட்டத்தை எழுதக் கூடாது.


மருத்துவப்பெட்டி பதில்:

வெப்பமானியை நம்பாதீர்கள் என்று சேர்த்துக்கொள்கிறேன். பாராசிட்டமால் விற்பனையைப் பாருங்கள். க்ரூ கடையில் ஒரு பிரிவினர் திடீரென்று அதிகம் வாங்கினால் அதுவே முதல் அறிகுறி. மாத்திரையை மெடிக்கல் சென்டர் மூலம் மட்டும், கேள்வி கேட்காமல் இலவசமாகக் கொடுங்கள். பெயர் மட்டும் பதிவாகட்டும்.

வயிற்றுப்போக்குக்குத் தனி அத்தியாயம் வேண்டும். நோரோவைரஸ் வேறு வழியில் பரவுகிறது, ஆல்கஹால் ஜெல்லுக்குச் சரியாக அடங்காது. சோப்பும் தண்ணீரும் 20 நொடியும்தான். குளோரின் 1,000 பிபிஎம்-க்குக் குறையக் கூடாது, மேற்பரப்பு 5 நிமிடமாவது ஈரமாக இருக்க வேண்டும். சிடிசியின் கப்பல் தூய்மைத் திட்டம் பெருந்தொற்று உத்தரவு போல் போய்விடவில்லை, இன்றும் நடப்பில் இருக்கிறது. உணவு கையாளும் ஊழியர் அறிகுறி நின்றபின் குறைந்தது 48 மணி, மற்றவர் 24 மணி ஒதுங்கியிருந்து, மருத்துவப் பிரிவு அனுமதித்த பிறகே வேலைக்கு. கேபின் கூட்டாளியை உடனே, 24 மணியில், 48 மணியில் மூன்று முறை விசாரிக்க வேண்டும். க்ரூவிலோ பயணிகளிலோ 2 சதவீதம் தொட்டால் சிறப்பு அறிக்கை. உங்கள் 900 பேரில் அது 18. இரண்டு பக்கத்தையும் தனித்தனியே கணக்கிட வேண்டும். கூட்டிப் போட்டால் க்ரூ பரவல் பயணிகள் எண்ணிக்கையில் கரைந்து காணாமல் போகும். இந்த 2 சதவீதக் கணக்கு வயிற்று நோய்க்கு மட்டும். காய்ச்சலுக்கு இதையே எல்லையாக வைத்துக் காத்திருக்காதீர்கள்.

இன்ஃப்ளூயன்சாவுக்கு: மாத்திரை இல்லாமல் காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் கழித்தே வேலைக்கு.

திட்டத்தை எப்போது தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பழைய கோப்பில் ‘உலக சுகாதார நிறுவனம் அறிவித்ததும்’ என்று இருக்கும். அதை மாற்றுங்கள். அந்த நிறுவனம் கோவிடைப் பெருந்தொற்று என்று சொன்னது 2020 மார்ச் 11. டைமண்ட் பிரின்சஸ் அதற்கு ஐந்து வாரம் முன்பே யோகோஹாமாவில் நின்றுவிட்டது. 2025 செப்டம்பர் 19 முதல் சர்வதேச சுகாதார விதிகளில் ‘பெருந்தொற்று அவசரநிலை’ என்று ஒரு மேல்நிலை அறிவிப்பு சேர்ந்திருக்கிறது. அதற்கும் காத்திருக்க வேண்டாம். உங்கள் தூண்டுகோல் உங்கள் சொந்த மருத்துவப் பதிவேடாக இருக்கட்டும்: 72 மணியில் ஒரே பிரிவிலோ ஒரே நடைவழியிலோ 3 பேருக்குக் காய்ச்சலும் இருமலும் என்றால் முதல் நிலை தொடங்கும். இந்த 3 என்பது விதி சொல்லும் எண் அல்ல, உங்கள் கப்பலின் அளவுக்கு என் பரிந்துரை.

துறைமுகத்துக்குக் கொடுக்கும் கடல்சார் சுகாதார அறிவிப்பில் கேப்டனும் டாக்டரும் கையெழுத்திடுகிறார்கள். தொற்று என்று சந்தேகிக்கும் நோய் யாருக்காவது வந்ததா, கப்பலில் ஐசொலேஷனோ கிருமிநீக்கமோ நடந்ததா என்று அதில் நேரடிக் கேள்வி உண்டு. க்ரூவும் அதில் அடக்கம். ஹோட்டல் பிரிவு க்ரூவின் காய்ச்சலைச் சொல்லாமல் விட்டால், அவர்கள் தெரியாமலே பொய்க்குக் கையெழுத்திடுவார்கள். தினமும் காலை 8 மணிக்கு எல்லாப் பிரிவுத் தலைவர்களும் ‘யாரும் இல்லை’ என்றாலும் எழுத்தில் அனுப்ப வேண்டும்.


புதுக்கயிறு பதில்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். அசிஸ்டண்ட் வெயிட்டராகச் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தம். கப்பலுக்கு ஆள் எடுக்கும் மேனிங் ஏஜென்சி ஊசிச் சான்றிதழ் கேட்கிறது. எதை எப்போது போட வேண்டும்?


மருத்துவப்பெட்டி பதில்:

தம்பி, மஞ்சள் காய்ச்சல் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். முன்பதிவு வேண்டும், பாஸ்போர்ட் கையில் வேண்டும். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். பிறகு ஆயுளுக்கும் போதும். பத்தாண்டுக்கு ஒருமுறை என்ற விதி 2016 ஜூலையில் போய்விட்டது. சின்னம்மை சிறுவயதில் வந்ததா என்று வீட்டில் கேளுங்கள். வரவில்லை என்றால் ஏஜென்சி கேட்காவிட்டாலும் அந்த ஊசி இரண்டு டோஸ் போட்டுக்கொள்ளுங்கள். டோஸுக்கு இடையே குறைந்தது 4 வாரம். வெப்ப நாடுகளில் வளர்ந்தவர்களில் பலருக்குப் பெரியவரான பிறகும் அந்த எதிர்ப்பு இருப்பதில்லை, கப்பலில் க்ரூவிடையே பரவும் நோய்களில் அது முக்கியமானது. இரண்டுமே உயிருள்ள தடுப்பூசி: ஒரே நாளில் போடலாம், இல்லையென்றால் 4 வாரம் இடைவெளி. நீங்கள் எடுக்கும் வேறு மருந்துகளை டாக்டரிடம் சொல்லுங்கள்.


ப்ரிட்ஜ்_வாட்ச் பதில்:

தென்கரை சார், உங்கள் திட்டத்தில் டெக், இஞ்சின் ஆட்களைக் காணவில்லை. குறைந்தபட்சப் பாதுகாப்பு ஆள்பலச் சான்றிதழில் உள்ள எண்ணிக்கைக்குக் கீழே போனால் கப்பல் புறப்பட முடியாது. வாட்ச் அதிகாரிகளும் இஞ்சின் அறை ஆட்களும் மூன்று வாட்சாக (பணிமுறையாக) பிரிந்தே இருக்கிறார்கள். சாப்பாட்டிலும் அப்படியே வையுங்கள். வாட்ச் ஒப்படைப்பை இரண்டு ஆள் மட்டும், முகக்கவசத்தோடு, ப்ரிட்ஜ் விங்கில் (கப்பலை இயக்கும் அறையின் பக்கவாட்டு நீட்சி) கதவைத் திறந்து வைத்துச் செய்யலாம்.

ஐசொலேஷனில் இருப்பவருக்கு அபாயமணி அடித்தால் என்ன? பழைய மஸ்டர் பட்டியலில் (அவசரத்தில் யார் எங்கே கூடி என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல்) அவர் பெயர் இன்னும் மூன்றாம் தளக் கேபினில் இருக்கும், ஒரு உயிர்காக்கும் படகுக்குப் பொறுப்பாளராகவும் இருக்கலாம். ஆகவே: அவருடைய அவசரப் பொறுப்புக்கு அன்றே மாற்றாள்; புதிய கேபினில் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று சோதனை; ஐசொலேஷன் கூட்டத்துக்கென்று திறந்த தளத்தில் தனி மஸ்டர் இடம், ஒரு படகு ஒதுக்கீடு; அழைத்துப் போகும் இருவருக்கு என்95 முகக்கவசம் நடைவழியின் முனைப் பெட்டியில். பட்டியல் ஒவ்வொரு நாளும் மாலை 6 மணிக்குப் புதுப்பிக்கப்பட்டு ப்ரிட்ஜிலும் சேஃப்டி சென்டரிலும் அச்சுப் பிரதியாக இருக்க வேண்டும். நோய்ப் பெயர் அதில் தேவையில்லை, கேபின் எண்ணும் தலைக்கணக்கும் நடக்க முடியுமா என்பதும் போதும். மின்சாரம் போனால் கணினித் திரையில் இருக்கும் பட்டியல் யாருக்கும் உதவாது.